பின்னால் யார் நிற்கிறார்கள்? லோடு வண்டிக்குக் குறைந்த செலவில் ரிவர்ஸ் கேமரா

அறுவடை நாளில் களம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் நெல் காய்கிறது, இன்னொரு பக்கம் மூட்டை தைக்கிறார்கள். பிள்ளைகள் குவியலைச் சுற்றி ஓடுகிறார்கள். வேலை செய்து களைத்தவர்கள் நிழல் எங்கே கிடைக்கிறதோ அங்கே தலை சாய்க்கிறார்கள். பல நேரங்களில் அந்த நிழல் நிறுத்தி வைத்த வண்டியின் நிழல்தான். மூட்டை ஏற்ற வண்டியைப் பின்னெடுப்பதும் அங்கேதான்.

லோடு வண்டியில் ஓட்டுநருக்குப் பின்பக்கம் தெரிவதில்லை. கேபினின் பின் கண்ணாடியைச் சரக்கு மறைத்துவிடும். பக்கக் கண்ணாடிகள் இரண்டும் வண்டியின் விலா ஓரத்தைத்தான் காட்டும். பின் கதவுக்கு நேர் பின்னால் இருப்பது இரண்டிலும் விழாது. அந்த இடத்தில் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தால், இருபது வருடம் ஓட்டிய கைக்கும் தெரியாது.

இந்தக் குறையை ஓரளவு தீர்க்கும் பொருள் இப்போது சாதாரண வாகன உதிரிபாகக் கடையிலேயே கிடைக்கிறது. சிறிய கேமரா, ஐந்து அல்லது ஏழு அங்குலத் திரை, ஒரு கேபிள் ஆகிய மூன்றும் சேர்ந்து சுமார் 2,000 முதல் 5,000 ரூபாய்க்குள் அடங்கும். தரத்துக்கும் கடைக்கும் ஏற்ப விலை மாறும். வயர் வேலை கொஞ்சம் தெரிந்தவர் ஒரே நாளில் தாமே பொருத்திவிடலாம்.

முதலில் ஒரு குடம் வைத்துப் பாருங்கள்

கடைக்குப் போகுமுன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் உட்காருங்கள். இன்னொருவர் இரண்டரை அடி உயரத்துக்கு ஒரு பொருளைப் பின் கதவை ஒட்டி நடுவில் வைக்கட்டும். குடத்தின் மேல் குடம் வைத்தாலும் போதும். கண்ணாடிகளைப் பாருங்கள், கழுத்தைத் திருப்பியும் பாருங்கள். தெரியாவிட்டால் குடத்தை ஓரடி ஓரடியாகப் பின்னால் நகர்த்தச் சொல்லுங்கள். எங்கே முதலில் கண்ணில் படுகிறதோ, அங்கே சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். வண்டிக்கும் கோட்டுக்கும் இடையே உள்ள நிலம் முழுவதும் உங்களுக்குக் குருட்டு இடம். கூண்டு கட்டிய வண்டியிலும், உயரமாக லோடு ஏற்றிய வண்டியிலும் குடம் எவ்வளவு தூரம் போனாலும் தெரியாமலே இருக்கலாம்.

இரண்டரை அடி என்பது நடை பழகும் குழந்தையின் உயரம். அமெரிக்காவில் கார்களின் பின்பார்வையைச் சோதிக்கும்போதும் ஏறக்குறைய இதே உயரமுள்ள உருளைகளைத்தான் நிறுத்துகிறார்கள். அந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஒரு வீட்டின் துயரம் இருக்கிறது. 2002-இல் ஒரு குழந்தை மருத்துவர் தம் வீட்டு வாசலில் வண்டியைப் பின்னெடுத்தபோது, அவருடைய இரண்டு வயது மகன் கேமரன் குல்பிரான்சன் அதில் சிக்கி இறந்தான். அந்தக் குழந்தையின் பெயரிலேயே 2008-இல் சட்டம் வந்தது. 2018 மே மாதம் முதல் அங்கே தயாராகும் புதிய கார்களிலும், மொத்த எடை சுமார் 4,500 கிலோ வரையுள்ள பிக்கப் போன்ற வண்டிகளிலும் பின்பார்வைக் கேமரா கட்டாயம். வண்டிக்குப் பின்னால் 10 அடி அகலம், 20 அடி நீளம் உள்ள இடம் திரையில் தெரிய வேண்டும் என்பது விதி.

நம் நாட்டில் 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களுக்கு ரிவர்ஸ் சென்சார் கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் நம் களத்துக்கும் தோப்புக்கும் வரும் வண்டிகளில் பல, பத்துப் பதினைந்து வருடம் ஓடிய குட்டி யானைகளும் பிக்கப்புகளும்தான். அவற்றுக்கு நாம்தான் கண் வைக்க வேண்டும்.

என்ன பார்த்து வாங்குவது?

முதலில் வோல்ட். குட்டி யானை, பிக்கப், டிராக்டர் ஆகியவற்றில் 12 வோல்ட் பேட்டரி இருக்கும். பெரிய லாரிகளில் இரண்டு பேட்டரி சேர்த்து 24 வோல்ட். 12 வோல்ட் என்று மட்டும் அச்சிட்ட கேமராவை 24 வோல்ட் வண்டியில் கொடுத்தால் கருகிவிடும். பெரிய லாரி வைத்திருப்பவர்கள் 12-24 வோல்ட் என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் 24-ஐ 12-ஆகக் குறைக்கும் கன்வெர்ட்டர் சேர்த்து வாங்க வேண்டும்.

இரண்டாவது, தண்ணீர் தாங்கும் தன்மை. பெட்டியில் ஐபி 67 அல்லது ஐபி 68 என்று இருக்கிறதா என்று பாருங்கள். சேற்றிலும் மழையிலும் ஓடும் வண்டிக்கு அதற்குக் குறைந்தது வேண்டாம். அப்படி இருந்தாலும் வாட்டர் சர்வீஸ் செய்யும்போது பிரஷர் பைப்பை நேராகக் கேமரா மேல் பிடிக்கக் கூடாது.

மூன்றாவது, கேமராவும் திரையும் ஒரே வகையாக இருக்க வேண்டும். சாதாரண அனலாக் கேமரா, ஏஹெச்டி எனப்படும் கூடுதல் தெளிவுள்ள கேமரா என இரு வகை உண்டு. ஏஹெச்டி கேமராவைச் சாதாரணத் திரையில் மாட்டினால் படம் வராது. இரண்டையும் ஒரே கடையில் செட்டாக வாங்கி, கடையிலேயே பேட்டரியில் இணைத்துப் படம் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

நான்காவது, கேபிள் நீளம். காருக்கென வரும் 6 மீட்டர் கேபிள் பிக்கப்புக்குப் பற்றாது. வளைந்து நெளிந்து போகும் பாதையையும் சேர்த்தால், வண்டி நீளத்தைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு தேவை. பிக்கப்புக்கு 10 மீட்டர் கேபிள் வாங்குங்கள். நடுவில் ஒட்டுப் போட்டால் அந்த இடம்தான் முதலில் கெடும்.

வயர்லெஸ் கேமரா வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். பொருத்துவது எளிது. ஆனால் அதற்கும் மின்சாரத்துக்கு வயர் இழுத்தே ஆக வேண்டும். இரும்புக் கூண்டு கட்டிய நீள வண்டியில் படம் விட்டுவிட்டு வரும். சரக்கு வண்டிக்கு கேபிள் வகையே நம்பகமானது.

எங்கே பொருத்துவது?

கார்களில் போலப் பின் கதவில் வைக்காதீர்கள். மூட்டை இறக்கக் கதவைக் கீழே தொங்கவிட்டதும் கேமரா தரையைப் பார்க்கும். கதவோடு ஆடி ஆடி வயரும் அறுந்துபோகும். கதவுக்குக் கீழே, பின் குறுக்குச் சட்டத்தின் நடுவே வைப்பது ஒரு வழி. ஆனால் தொங்கும் கதவு அதை மறைக்காத இடமாகப் பாருங்கள். கூண்டு கட்டிய வண்டியானால் மேல் சட்டத்தின் நடுவில் வைத்துக் கீழே சாய்க்கலாம். மேலே வைத்தால் சேறு படாது, பரப்பும் அதிகம் தெரியும். வைக்கோலோ கரும்போ பின்னால் நீட்டிக்கொண்டு ஏற்றுபவர்களுக்கு மேல் இடம் ஒத்துவராது; லோடே கேமராவை மூடிவிடும்.

எங்கே வைத்தாலும், திரையின் அடி ஓரத்தில் வண்டியின் பம்பர் அல்லது பின் சட்டம் கொஞ்சமாவது தெரிய வேண்டும். அப்போதுதான் வண்டியை ஒட்டி உட்கார்ந்திருப்பவர் தெரிவார். தூரத்து மரம் அழகாகத் தெரிந்து பயனில்லை.

சேஸிஸ் சட்டத்தில் துளை போட வேண்டாம். ஏற்கெனவே உள்ள போல்ட்டில் ஒரு தகட்டுப் பட்டையை மாட்டி அதில் கேமராவைப் பொருத்துங்கள். நம்பர் பிளேட்டையும் டெயில் லைட்டையும் மறைக்கக் கூடாது.

பொருத்தும் முறை

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ரிவர்ஸ் லைட் வயரைக் கண்டுபிடிக்க இன்ஜினை ஓடவிட வேண்டாம். சாவியை 'ஆன்' நிலையில் மட்டும் திருப்பி, ரிவர்ஸ் கியர் போடச் சொல்லுங்கள். டெஸ்ட் லேம்ப்பின் ஒரு முனையை எர்த்தில் வைத்து, மறுமுனையால் பின் விளக்கு வயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். ரிவர்ஸ் போட்டால் எரிந்து, நியூட்ரலில் அணைவதே நமக்கு வேண்டிய வயர். வயர் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். பழைய வண்டிகளில் யார் யாரோ மாற்றியிருப்பார்கள்.

வயரை அடையாளம் வைத்த பிறகு சாவியை எடுத்து, வண்டிக்கு அடியில் வேலை செய்பவர் தம் பையிலேயே வைத்துக்கொள்ளட்டும். பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். இனி இணைப்புகள்:

• கேமராவின் சிவப்பு வயர் ரிவர்ஸ் லைட் வயரோடு சேர வேண்டும். கறுப்பு வயர் எர்த்துக்கு.

• வீடியோ கேபிளின் மஞ்சள் பின் கேமராவின் மஞ்சள் சாக்கெட்டில் செருகும். அந்தக் கேபிளோடு மெல்லிய சிவப்பு வயர் ஒன்று இரு முனையிலும் நீட்டிக்கொண்டிருக்கும். பின்முனையை அதே ரிவர்ஸ் லைட் வயரோடு இணையுங்கள். முன்முனையைத் திரையின் ரிவர்ஸ் வயரோடு இணையுங்கள். ரிவர்ஸ் போட்டதும் திரை தானாக எரிவது இதனால்தான்.

• திரையின் சிவப்பு வயரைச் சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் வயரில், 2 ஆம்பியர் பியூஸ் வைத்து இணையுங்கள். பேட்டரியில் நேராகக் கொடுத்தால் இரவெல்லாம் சிறிது சிறிதாக சார்ஜ் இறங்கும். கறுப்பு வயர் எர்த்துக்கு.

எர்த் கொடுக்கும் இடத்தில் பெயின்ட்டையும் துருவையும் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் போல்ட் போட்டு முறுக்குங்கள். படம் ஆடுவதற்கும் கோடு விழுவதற்கும் பெரும்பாலும் காரணம் மோசமான எர்த்தான்.

வயர்களை முறுக்கி டேப் சுற்றி விடுவது நம்மிடம் வழக்கம். களத்துச் சேற்றில் அது ஒரு மழைக்காலம் தாங்காது. ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூடு காட்டினால் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். முடிந்தவரை இணைப்புகள் டெயில் லைட் கூட்டுக்குள் இருக்கட்டும்.

கேபிளைச் சேஸிஸின் உள்பக்கமாக, ஏற்கெனவே போகும் வயர் கட்டோடு சேர்த்து, பிளாஸ்டிக் நெளிகுழாய்க்குள் விட்டு, ஓரடிக்கு ஒரு கேபிள் டை போட்டுக் கட்டுங்கள். சைலன்சர், சுழலும் புரொப்பெல்லர் ஷாப்ட், பிரேக் குழாய், ஸ்பிரிங் பட்டை ஆகியவற்றின் பக்கமே போகக் கூடாது. கேபினுக்குள் நுழையும் துளையில் ரப்பர் வளையம் போடாவிட்டால் தகட்டின் விளிம்பு கேபிளை அறுத்துவிடும். டிப்பர் வண்டியில் தொட்டி தூக்கும்போது கேபிள் இழுபடாத அளவுக்குத் தொங்கல் விட வேண்டும்.

திரையை டேஷ்போர்டில், சாலையை மறைக்காத உயரத்தில் வையுங்கள். புது வண்டியாக இருந்தால் வயரைத் தொடுமுன் டீலரிடம் கேளுங்கள். வயரை வெட்டினால் வாரன்டி போகலாம்.

டிராக்டர் டிரெய்லர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பல டிராக்டர்களில் ரிவர்ஸ் லைட்டே கிடையாது. அவற்றில் கேமராவுக்கும் திரைக்கும் சேர்த்து ஒரு தனி சுவிட்ச் வைத்துவிடலாம். டிரெய்லரைக் கழற்றும் இடத்தில் திருகி மூடும் நான்கு பின் பிளக் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கென்றே லாரி கேமரா கேபிள்கள் கிடைக்கின்றன. வளைவில் திரும்பும்போது அறுந்துவிடாமல் இருக்க அங்கே இரண்டு சுற்று தொங்கலும் வேண்டும்.

மறக்கக் கூடாத இரண்டு சோதனைகள்

முதல் சோதனை, இடது வலது. வண்டி அசையாமல், இன்ஜின் ஓடாமல், சாவி போட்டு ரிவர்ஸ் கியர் போடுங்கள். ஒருவர் பின்னால் கிளீனர் பக்கமாக நிற்கட்டும். திரையிலும் அவர் இடது பக்கமே தெரிய வேண்டும். வலது பக்கம் தெரிந்தால், அது முன்பக்கப் படம் காட்டும்படி அமைந்த கேமரா. பல கேமராக்களில் இதை மாற்ற ஒரு சிறிய வயர் வளையம் இருக்கும். கூடவே வரும் தாளைப் பார்த்து அதை வெட்டினால் படம் மாறும். சில திரைகளில் மெனுவிலேயே மாற்றலாம். இதைச் சரிசெய்யாமல் ஓட்டினால், ஆளிடமிருந்து விலகுவதாக நினைத்து ஆள் மேலேயே ஸ்டியரிங்கைத் திருப்புவீர்கள்.

இரண்டாவது, தூரம். திரையில் தெரியும் பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகளை அப்படியே நம்ப வேண்டாம். கேமரா வைத்த உயரமும் சாய்வும் வண்டிக்கு வண்டி மாறும். வண்டியின் பின்விளிம்பிலிருந்து தரையில் 3 அடி, 6 அடி, 10 அடியில் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். அவை திரையில் எங்கே விழுகின்றன என்று பார்த்து, திரையின் ஓரச் சட்டத்தில் சிறிய ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளுங்கள். பிறகு அதே குடத்தைப் பழையபடி பின் கதவை ஒட்டி வையுங்கள். இப்போது தெரிகிறதா? தெரியாவிட்டால் கேமராவை இன்னும் கீழே சாய்க்க வேண்டும். இரண்டு பின் மூலைகளிலும் குடத்தை வைத்துப் பார்த்தால், எந்த மூலை இன்னும் மறைந்திருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

படம் வராவிட்டால்

திரை எரிந்து 'நோ சிக்னல்' என்று வந்தால் கேமராவுக்கு மின்சாரம் வரவில்லை, அல்லது மஞ்சள் பின் கழன்றிருக்கிறது. ரிவர்ஸ் லைட் எரிகிறதா என்று முதலில் பாருங்கள். அதுவும் எரியாவிட்டால் கோளாறு கியர் பெட்டியில் உள்ள ரிவர்ஸ் சுவிட்ச்சிலோ பியூஸிலோ இருக்கலாம். திரையே எரியாவிட்டால் திரைக்கு வைத்த பியூஸையும் எர்த்தையும் பாருங்கள். படம் மங்கலாக, பால் போலத் தெரிந்தால் லென்ஸில் தூசி அல்லது உள்ளே ஈரம். ஈரம் புகுந்த கேமராவை மாற்றுவதே வழி.

கதிரடிக்கும் காலத்தில் லென்ஸில் தினமும் தூசி படியும். காய்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். காலையில் டயரில் காற்றும் தண்ணீரும் பார்க்கும்போதே இதையும் பார்த்துவிடலாம். இரவில் கேமரா தெளிவாகக் காட்ட ரிவர்ஸ் லைட் வெளிச்சம் தேவை. ப்யூஸ் போன பல்பை அன்றே மாற்றுங்கள்.

கேமரா இருந்தாலும்

கேமரா வைத்த வண்டியில் ஒரு புதிய ஆபத்தும் சேர்ந்து வருகிறது. திரையைப் பார்த்துப் பழகியவர், கண்ணாடியையும் இறங்கிப் பார்ப்பதையும் விட்டுவிடுவார். வண்டிக்கு அடியில் படுத்திருப்பவரைக் கேமரா காட்டாது. பக்கவாட்டிலிருந்து ஓடிவரும் பிள்ளையைக் கடைசி நொடியில்தான் காட்டும். மாலை வெயில் நேராக லென்ஸில் விழுந்தால் எதையுமே காட்டாது.

அதனால் உங்கள் வண்டிக்கு இந்த வழக்கங்களை வைத்துக்கொள்ளுங்கள். களத்திலும் வீட்டு வாசலிலும் நின்ற வண்டியை எடுக்குமுன் ஒரு சுற்று சுற்றி வந்து, குனிந்து அடியிலும் பாருங்கள். ரிவர்ஸ் போட்டதும் படம் வரச் சில நொடி ஆகும். படம் வந்த பிறகே கிளட்சை விடுங்கள். திரை கறுப்பாக இருந்தால் வண்டி நகரக் கூடாது. பின்னால் கை காட்டும் ஆள், பக்கக் கண்ணாடியில் உங்களுக்குத் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். அவர் கண்ணிலிருந்து மறைந்த நொடியே பிரேக். பாட்டுச் சத்தத்தைக் குறைத்து, கண்ணாடியை இறக்கிவிடுங்கள். யாராவது கத்தினால் காதில் விழ வேண்டும். கூடவே ரிவர்ஸ் போட்டால் ஒலிக்கும் ஒரு பஸ்ஸரும் மாட்டிவிட்டால், பின்னால் இருப்பவர் தாமே விலகுவார். அதையும் அதே ரிவர்ஸ் லைட் வயரில் கொடுக்கலாம்.

வட்டாரத்தில் பணியாற்றும் வேளாண் அலுவலர்களும் அட்மா திட்டப் பணியாளர்களும் அறுவடைக்கு முந்தைய கூட்டங்களில் இந்தக் குடம் சோதனையைச் செய்து காட்டலாம். ஒரு லோடு வண்டி, இரண்டு குடம், கொஞ்சம் சுண்ணாம்பு போதும். கூட்டத்துக்கு வந்தவர்களை ஒவ்வொருவராக ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொல்லுங்கள். வீட்டுப் பெண்களையும் உட்காரச் சொல்லுங்கள். ஓட்டுநருக்கு எவ்வளவு தெரியாது என்பதை ஒருமுறை அங்கிருந்து பார்த்தவர், அதன் பிறகு பிள்ளையை வண்டிக்குப் பின்னால் விளையாட விடமாட்டார். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் வைத்திருக்கும் சொந்த வண்டிகளில் முதலில் கேமரா பொருத்தினால், மற்றவர்களும் பார்த்துச் செய்வார்கள்.

கேமரா வாங்க இந்த மாதம் கையில் பணம் இல்லாமல் இருக்கலாம். குடம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. இன்று சாயங்காலமே வைத்துப் பாருங்கள்.